பிள்ளைகள் எழுதட்டும் ஊரின் வரலாற்றை

பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் தேர்வில் காலக்கோடு வரையச் சொல்லி ஒரு கேள்வி வரும். 1905 வங்கப் பிரிவினை, 1906 முஸ்லிம் லீக், 1914 முதல் உலகப் போர், 1919 ஜாலியன்வாலாபாக் என்று அளவுகோல் வைத்துக் கோடு போட்டு நிகழ்ச்சிகளைக் குறிக்க வேண்டும். படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளையும் கரையேற்றிவிடும் கேள்வி என்பதால், ஆசிரியர்கள் இதைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்க்கச் சொல்கிறார்கள். அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால், அந்தக் கோட்டில் தன் ஊர் எந்த இடத்தில் வருகிறது, தாது வருஷப் பஞ்சத்தில் அந்த ஊர் என்ன ஆனது, முதல் பேருந்து எந்த ஆண்டில் ஊருக்குள் வந்தது என்றெல்லாம் கேட்க வழியே இல்லாமல் பள்ளிப் படிப்பு முடிந்துபோகிறது. வரலாறு என்பது எங்கோ, யாருக்கோ நடந்தது, ஆண்டுகளை நெட்டுருப் போட்டால் போதும் என்ற நினைப்போடுதான் பெரும்பாலான பிள்ளைகள் பள்ளியை விட்டு வெளியே வருகிறார்கள்.

இந்த நிலையை மாற்ற உதவக்கூடிய கணினிக்குப் பள்ளிகளில் குறைவில்லை. தமிழ்நாட்டில் 6,000-க்கும் மேற்பட்ட உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு உயர் தொழில்நுட்ப ஆய்வகம் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆசிரியர்கள் ‘ஹைடெக் லேப்’ என்பார்கள். 2018-இல் வரத் தொடங்கிய புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு அச்சிடப்பட்டது; பாடத்தின் முடிவில் ‘இணையச் செயல்பாடு’ என்று ஒரு பகுதியும் சேர்ந்தது. 2023-இல் பாடங்களைக் காணொளியாகக் காட்டும் மணற்கேணி செயலி வந்தது. எல்லாமே தேவையான ஏற்பாடுகள்தான். ஆனால் இவை அனைத்தும் பிள்ளைக்கு எதையோ காட்டுவதற்காக அமைந்தவை. பிள்ளை உட்கார்ந்து பார்க்கிறது, கேட்கிறது, சரியான விடையைத் தேர்ந்தெடுத்துச் சொடுக்குகிறது. ஹைடெக் லேபில் கிடைக்கும் நேரத்தைக் கொள்குறி வினாத் தேர்வுகளே விழுங்கிவிடுகின்றன என்பது ஆசிரியர்கள் பலரும் சொல்லும் குறை.

அதே பள்ளியில், இரண்டு அறை தள்ளி, பதினொன்றாம் வகுப்பில் கணினிப் பயன்பாடுகள் பாடம் எடுத்த மாணவர்கள் ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் படிக்கிறார்கள். நோட்பேடைத் திறந்து, தலைப்பும் பட்டியலும் அட்டவணையும் இணைப்பும் வைத்து வலைப்பக்கம் உருவாக்குகிறார்கள். அந்தப் பக்கத்தில் என்ன எழுதுவது என்பதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. எதையாவது நிரப்பினால் போதும். செய்முறைத் தேர்வு முடிந்ததும் கோப்பும் அழிந்துபோகிறது. ஒரு வகுப்பில் கருவி இருக்கிறது, எழுத விஷயமில்லை. இன்னொரு வகுப்பில் விஷயம் கொட்டிக் கிடக்கிறது, கையில் கருவியில்லை. எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் ஊரின் வரலாற்றைத் திரட்டி எழுத, பதினொன்றாம் வகுப்பு அண்ணன்களும் அக்காக்களும் அதை இணையதளமாகக் கட்டித் தர வேண்டும். ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் இது நடக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கோரிக்கை.

பத்து லட்சம் பேர் எழுதியது

இது இதுவரை யாரும் செய்து பார்க்காத யோசனை இல்லை. இங்கிலாந்தை வென்ற முதலாம் வில்லியம் மன்னன், நாட்டில் யாரிடம் எவ்வளவு நிலம், எத்தனை ஏர், எத்தனை ஆலை என்று ஊர் ஊராகக் கணக்கெடுக்க வைத்தான். 1086-இல் தொகுக்கப்பட்ட அந்தப் பதிவேட்டுக்கு ‘டூம்ஸ்டே புக்’ என்று பெயர். அதன் 900-ஆவது ஆண்டை முன்னிட்டு, இந்த முறை மக்களே தங்களைப் பற்றிக் கணக்கெழுதட்டும் என்று பிபிசி ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஏகார்ன் கணினி நிறுவனமும் பிலிப்ஸும் லாஜிகாவும் கூட்டுச் சேர்ந்தன. நாட்டை நான்கு கிலோமீட்டருக்கு மூன்று கிலோமீட்டர் அளவிலான கட்டங்களாகப் பிரித்து, கட்டங்களைப் பள்ளிகளிடமும் உள்ளூர்க் குழுக்களிடமும் ஒப்படைத்தார்கள். சுமார் 9,000 பள்ளிகள் சேர்ந்தன. பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் பங்கெடுத்தார்கள். ஏறத்தாழ 1.47 லட்சம் பக்கங்களும் 23,000-க்கும் மேற்பட்ட படங்களும் திரண்டன. இணையம் வீடுகளுக்கு வருவதற்கு முந்தைய காலம் அது. எல்லாவற்றையும் லேசர் வட்டில் ஏற்றி 1986-இல் வெளியிட்டார்கள்.

பிள்ளைகள் அதில் மன்னர்களைப் பற்றி எழுதவில்லை. தெருவில் என்னென்ன கடைகள், வீட்டில் என்ன சமையல், பள்ளி விட்டதும் என்ன விளையாட்டு, ஊரில் யாருக்கு என்ன வேலை என்று தாங்கள் கண்டதை எழுதினார்கள். அன்று ‘இதையெல்லாமா எழுதுவது’ என்று பெரியவர்கள் நினைத்திருக்கக்கூடிய விஷயங்கள்தாம் இன்று அந்தத் தொகுப்பின் மதிப்பு. அரசு ஆவணங்களில் கிடைக்காத எண்பதுகளின் அன்றாட வாழ்க்கை அதில் கிடைக்கிறது.

அதன் பிற்பாதிக் கதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டியதே. வட்டைப் படிக்கும் கருவியும் கணினியும் சேர்ந்து ஏறக்குறைய 5,000 பவுண்டு விலை. எழுதிக் கொடுத்த பள்ளிகளில் பெரும்பாலானவற்றால் அதை வாங்க முடியவில்லை. தாங்கள் எழுதியதைப் பிள்ளைகளே பார்க்க முடியாமல் போனது. பதினைந்து ஆண்டுகளுக்குள் அந்தக் கருவிகள் வழக்கொழிந்தன. 2002-இல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளை எழுதி, வட்டில் இருந்ததை மீண்டும் திறந்து காட்டினார்கள். 2011-இல் பிபிசி அதை இணையத்தில் ஏற்றியது. 2018-இல் அந்தத் தளத்தையும் மூடிவிட்டார்கள்; இப்போது பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையச் சேமிப்பில் இருக்கிறது. 1086-ஆம் ஆண்டுத் தோல்சுவடியோ இன்றும் அதே காப்பகத்தில் படிக்கும் நிலையில் இருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் நம் பள்ளிகளுக்கான திட்டத்தை வகுக்க வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

அமெரிக்காவில் 1974-இல் கிளீவ்லாந்து நகரில் தொடங்கிய ‘நேஷனல் ஹிஸ்டரி டே’ போட்டியில் இப்போது இணையதளம் ஒரு தனிப் பிரிவு. அதன் விதி எனக்கு மிகவும் பிடித்தது. மாணவர் தன் சொந்தச் சொற்களில் 1,200 சொற்களுக்கு மேல் எழுதக் கூடாது. ஆனால் எந்த ஆவணத்தைப் பார்த்தார், அது தனக்கு எதைச் சொன்னது என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்புடன் சான்றுப் பட்டியல் கட்டாயம் கொடுக்க வேண்டும். பக்கத்தை அலங்கரிப்பதைவிட ஆதாரத்தைக் காட்டுவதற்கே அங்கு மதிப்பு.

பீரோவில் இருக்கும் ஆவணம்

‘எங்கள் ஊரில் கோட்டையும் இல்லை, கல்வெட்டும் இல்லை, எதை எழுதுவது?’ என்று ஆசிரியர்கள் கேட்கலாம். தலைமை ஆசிரியர் அறை பீரோவில் ஒரு முதல்தர வரலாற்று ஆவணம் இருக்கிறது. சேர்க்கை நீக்கல் பதிவேடு. பழைய பள்ளி என்றால் அறுபது எழுபது ஆண்டுப் பதிவேடுகள் காலிகோ அட்டையோடு அடுக்கியிருக்கும். மாணவர் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், தொழில், சாதி, சேர்ந்த நாள், சேர்ந்த வகுப்பு, விலகிய நாள், விலகிய காரணம் என்று ஒவ்வொரு வரியும் ஒரு குடும்பத்தின் கதை.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் குழுவாகப் பிரித்து, ஆண்டுவாரியாக எத்தனை ஆண், எத்தனை பெண் சேர்ந்தார்கள் என்று மட்டும் எண்ணச் சொல்லலாம். ஆய்வகக் கணினியில் உள்ள அட்டவணைச் செயலியில் அதை ஏற்றினால் ஒரு வரைபடம் கிடைக்கும். காமராஜர் ஆட்சியில் 1956-இல் மதிய உணவு வந்தபோது கோடு ஏறுகிறதா? 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது? ஏறியிருந்தால் பாடநூலில் இரண்டு வரியில் படித்த செய்தி தன் ஊரில் நடந்ததைப் பிள்ளை தன் கண்ணால் பார்க்கிறது. ஏறாவிட்டால் இன்னும் நல்லது. ஏன் ஏறவில்லை என்று தேட வேண்டும். அந்த ஆண்டு வறட்சியா, ஊரார் பிழைப்புத் தேடி வெளியூர் போனார்களா, பக்கத்து ஊரில் வேறு பள்ளி திறந்தார்களா? இதற்கு விடை கணினியில் கிடைக்காது. பாட்டியிடம் போய்க் கேட்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பெண்பிள்ளைகள் வரிசையாக நின்றுபோன ஆண்டுகளும், பேருந்து வந்த பிறகு பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் போகத் தொடங்கிய ஆண்டும் அப்படிக் கேட்கும்போதுதான் தெரியவரும்.

அதே பதிவேட்டில் பிறந்த தேதிப் பத்தியையும் கவனிக்கச் சொல்ல வேண்டும். பழைய பதிவேடுகளில் பல பிள்ளைகளின் பிறந்த நாள் மே, ஜூன் மாதங்களிலேயே விழுந்திருக்கும். ஊரில் அத்தனை பேரும் கோடையிலா பிறந்தார்கள்? பள்ளி திறக்கும் ஜூனில் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதற்காக, தேதி தெரியாத பெற்றோருக்குப் பதில் வாத்தியாரே ஒரு தேதியைப் போட்டுச் சேர்த்துக்கொண்டார். படிக்க வந்த பிள்ளையைத் திருப்பியனுப்ப மனமில்லாமல் செய்த காரியம் அது. ஆவணத்தில் எழுதியிருப்பது ஒன்று, நடந்தது வேறொன்று, அந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணமும் உண்டு என்பதை ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை இப்படித் தெரிந்துகொண்டால், கல்லூரியில் வரலாற்று முறையியல் என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில் பாதி முடிந்துவிடும்.

பெயர்களை மட்டும் இணையத்தில் ஏற்றவே கூடாது. எண்ணிக்கை போதும். 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. எனவே எழுதிய பிள்ளைகளின் படமும் முழுப்பெயரும்கூடத் தளத்தில் வேண்டாம்; வகுப்பும் ஆண்டும் போட்டால் போதும்.

யாருடைய ஊர்?

ஊர் வரலாறு எழுதுவதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. அதை மூடிமறைத்துவிட்டு இந்தத் திட்டத்தை யாரும் ஆதரிக்கக் கூடாது. நம் ஊர்களில் வரலாறு என்ற பெயரில் உலவுவதில் பெரும்பகுதி சாதிப் பெருமை. ‘இந்த ஊரை நிறுவியவர்கள் நாங்கள்’, ‘முதல் மரியாதை எங்களுக்கு’, ‘எங்கள் முன்னோர் இன்ன மன்னரின் படைத்தலைவர்’ என்று எழுதிவைத்த துண்டறிக்கைகளும் வாட்ஸ்அப் செய்திகளும் ஏராளம். பள்ளியின் பெயரில் ஒரு தளம் இதையே திருப்பிச் சொன்னால், அது பிள்ளைகளைப் பிரிக்கும். ஊரில் கலவரத்தையும் கொண்டுவரக்கூடும்.

ஆகவே விதி கண்டிப்பாக இருக்க வேண்டும். ஒவ்வொரு செய்திக்கும் கீழே யார் சொன்னது, எப்போது சொன்னது, எதை வைத்துச் சொன்னார் என்ற மூன்றும் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வரி ஏறாது. ஒரே நிகழ்ச்சியை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். அதைவிட முக்கியமானது, யாரிடம் போய்க் கேட்கிறோம் என்பது. மணியக்காரர் வீட்டுத் திண்ணையிலும் கோயில் தர்மகர்த்தாவிடமும் மட்டும் கேட்டு எழுதினால் அது பாதி ஊரின் வரலாறு. காலனித் தெருவில் பொதுக்கிணற்றில் எந்த ஆண்டு முதல் தண்ணீர் எடுக்க முடிந்தது, டீக்கடையில் தனிக்குவளை எப்போது ஒழிந்தது, ஒழிந்துதான் விட்டதா, கோயிலுக்குள் எப்போது போனார்கள் என்பதும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வர வேண்டும். 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயர் தலைமையில் நடந்த ஆலய நுழைவைப் பாடத்தில் படிக்கும் பிள்ளை, தன் ஊர்க் கோயிலுக்கு அந்த நாள் எப்போது வந்தது என்று கேட்க வேண்டாமா? அந்தக் கேள்வியைக் காலனியிலிருந்து வரும் பிள்ளையே கேட்டு, தன் தாத்தாவின் பதிலைத் தன் கையால் தட்டச்சு செய்யும்போது, வகுப்பறையில் அந்தப் பிள்ளையின் இடமே மாறுகிறது. கணினி எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கும் முதல் பதில் இதுதான்.

இரண்டாவது பதில், இணையத்தில் வருவதையெல்லாம் நம்பிவிடும் பழக்கத்தைப் பற்றியது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க் தன் சக ஆய்வாளருடன் சேர்ந்து 2017-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பத்து வரலாற்றுப் பேராசிரியர்கள், பத்திரிகைகளில் உண்மை சரிபார்க்கும் பத்துப் பேர், 25 ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் ஆகியோரிடம் சில இணையதளங்களைக் கொடுத்து எது நம்பத்தக்கது என்று கேட்டார்கள். மாணவர்களோடு பேராசிரியர்களில் பலரும் தளத்தின் தோற்றத்தைக் கண்டு ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் மட்டும் அந்தப் பக்கத்திலேயே தங்காமல் வெளியேறி, இதை நடத்துவது யார் என்று வேறு இடங்களில் தேடினார்கள். ஒரு வலைப்பக்கத்தைத் தானே கட்டிப் பார்த்த பிள்ளைக்கு, பளபளப்பான ஒரு பக்கத்தை யார் வேண்டுமானாலும் அரை மணி நேரத்தில் செய்துவிடலாம் என்பது யாரும் சொல்லாமலே தெரியும். அடுத்த முறை கைப்பேசியில் ஒரு ‘மறைக்கப்பட்ட வரலாறு’ வந்து விழும்போது, இதற்குச் சான்று எங்கே என்று கேட்கத் தோன்றும்.

கல்வெட்டு இருக்கும் ஊர்களில் வேலை இன்னும் சுவையானது. ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்ற மாணவர்கள் கல்வெட்டு படிக்கவும் படியெடுக்கவும் பழகி, தங்கள் பகுதியில் பழம்பொருள்களைக் கண்டறிந்து சொல்லிவருகிறார்கள். கீழடியின் முதல் தடயமே எழுபதுகளில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட பொருள்களைப் பற்றி மாணவர்கள் தங்கள் ஆசிரியரிடம் வந்து சொன்னதுதான். முறையான அகழாய்வுக்கு நாற்பது ஆண்டுகள் ஆயின. கல்வெட்டைப் படமெடுக்க விலையுயர்ந்த கேமரா வேண்டாம். காலை ஏழு மணி வெயில் சுவரில் சாய்வாக விழும்போது சாதாரண கைப்பேசியிலேயே எழுத்துகள் நிழலோடு எழுந்து நிற்கும். இருட்டான மண்டபமென்றால் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். கோதுமை மாவையோ சாக்பீஸையோ தேய்த்து எழுத்தைத் துலக்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லித்தர வேண்டும். கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, எகர ஏகாரங்களுக்கு வேறுபாடு இருக்காது. தாங்கள் படித்ததை, 1890 முதல் வெளிவரும் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளில் அந்த ஊருக்கு ஏதாவது பாடம் இருந்தால் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். திருப்பணி என்ற பெயரில் மணல் வீச்சு அடித்து எழுத்துகள் மழுங்கிப்போன கோயில்கள் நம்மிடம் நிறைய உண்டு. தேதி குறித்து ஒரு பிள்ளை எடுத்துவைத்த படம், நாளை அந்தக் கல்வெட்டின் ஒரே பதிவாக நிற்கலாம்.

அழியாமல் இருக்க வேண்டும்

டூம்ஸ்டே வட்டுக்கு நேர்ந்தது நமக்கும் நேர்ந்திருக்கிறது. தொண்ணூறுகளின் இறுதியில் ஆர்வலர்கள் தமிழில் கட்டிய தளங்கள் பாமினி, டிஸ்கி, டாப் என்று ஆளுக்கொரு எழுத்துரு முறையில் இருந்தன. இன்று திறந்தால் பலவற்றில் கோணல்மாணலான குறிகள்தான் தெரிகின்றன. ஜியோசிட்டீஸ் இலவச இடத்தில் கட்டிய எண்ணற்ற தளங்கள் 2009-இல் யாகூ அதை மூடியதும் போயின. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றதால் எழுத்துச் சிக்கல் பெருமளவு தீர்ந்தது. மற்றதற்கு நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இதற்குப் பெரிய மென்பொருள் ஒப்பந்தம் எதுவும் தேவையில்லை. ஒப்பந்தம் போட்டால்தான் கெடும். ஒப்பந்தக் காலம் முடியும் நாளில் தளமும் மூடப்படும். பதினொன்றாம் வகுப்புப் பாடநூலில் உள்ள வெறும் ஹெச்டிஎம்எல்லே போதும். யூனிகோடில் எழுதிய எளிய பக்கங்கள், அளவு குறைத்த படங்கள், கோப்பின் பெயரிலேயே ஊரும் ஆண்டும். ஒரு பள்ளியின் மொத்த வேலையும் ஒரு பென்டிரைவில் அடங்கிவிடும். செர்ன் ஆய்வகத்தில் உருவாகி 1991-இல் பொதுவெளிக்கு வந்த உலகின் முதல் இணையதளம் அவ்வளவு எளிமையாக இருப்பதால்தான் இன்றைய உலாவியிலும் பிசகாமல் திறக்கிறது. ஒரு பிரதி பள்ளியில், ஒரு பிரதி மாவட்ட மைய நூலகத்தில், ஒரு பிரதி தமிழ் இணையக் கல்விக்கழகத்தில் இருக்கட்டும். முக்கியமான பக்கங்களை அச்சிட்டுத் தைத்துப் பள்ளி நூலகத்தில் வைப்பதும் நல்லது.

ஆசிரியர்களின் சுமையைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. எமிஸ் தளத்தில் பள்ளி விவரங்களைப் பதிவேற்றுவது, பயிற்சி, தேர்வுப் பணி என்று ஏற்கெனவே திணறுபவர்கள் தலையில் இன்னொரு சுற்றறிக்கையாக இது விழுந்தால், மாதக் கடைசியில் யாரோ ஒருவர் இணையத்திலிருந்து வெட்டி ஒட்டி அனுப்பிவிடுவார். இப்போதைய ‘பிராஜெக்ட்’ பலவும் அப்படித்தான் நடக்கிறது: கடையில் வாங்கிய படத்தாள், பெற்றோர் எழுதிய வாசகம், இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதிக் கொடுக்கும் கட்டுரை. எந்த ஊர்ப் பெயரைப் போட்டாலும் பொருந்துகிற பத்தியை அந்தச் செயலி நொடியில் தரும். பதிவேட்டில் இருப்பதையும் பாட்டி சொன்னதையும் அது தர முடியாது. ஆகவே எல்லாப் பள்ளிக்கும் ஒரே நாளில் ஆணை போடக் கூடாது. தொன்மைப் பாதுகாப்பு மன்றம் உயிரோடு இருக்கிற, கணினிப் பயன்பாடுகள் பிரிவும் உள்ள பள்ளிகளில் மாவட்டத்துக்குப் பத்தைத் தேர்ந்தெடுத்து வரும் ஜூனில் தொடங்கலாம். வாரத்தில் இரண்டு பாடவேளையைக் கால அட்டவணையிலேயே ஒதுக்கி, அந்த நேரத்தில் ஆய்வகத்தில் வேறு தேர்வு வைப்பதில்லை என்று துறை எழுத்தில் உறுதி தர வேண்டும். ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல் அகமதிப்பீட்டிலும், பதினொன்றாம் வகுப்புச் செய்முறை மதிப்பெண்ணிலும் இந்த வேலையைச் சேர்த்துக்கொள்ளலாம். தொல்லியல் துறையின் மாவட்ட அலுவலர் பருவத்துக்கு ஒருமுறை வந்து பக்கங்களைப் பார்த்து, சான்று போதாத வரிகளைப் பிள்ளைகளுக்கு எதிரிலேயே சுட்டிக்காட்டட்டும். முதல் ஆண்டில் ஒரு பள்ளி பத்துப் பக்கம் எழுதினால் போதும். அந்தப் பத்தில் முதல் பக்கத்தைப் பள்ளியின் சேர்க்கை நீக்கல் பதிவேட்டிலிருந்தே தொடங்கலாம். அதற்கு யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை, பீரோ சாவி தலைமை ஆசிரியரிடம்தான் இருக்கிறது.